காதம்மா வண்டியில் ஒரு சத்தம்

அந்த ஆஸ்பத்திரியில் யாரிடமாவது போய் அவளுடைய சொந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால், "அப்படி யாரும் இங்க இல்லையே" என்றுதான் சொல்வார்கள். "காதம்மா எங்கே?" என்று கேளுங்கள், லிஃப்ட் ஓட்டுகிறவர் தானே கூட வந்து இரண்டாவது மாடிக் கோடி அறையைக் காட்டிவிட்டுப் போவார். முப்பத்தொரு வருஷமாகக் காது சோதனை செய்கிறவள். கண்ணாடி ஜன்னல் வைத்த, சத்தம் புகாத ஒரு குட்டி அறை. உள்ளே ஆளை உட்கார வைத்து, தலையில் ஹெட்ஃபோனை மாட்டி, கதவைச் சாத்திவிட்டு, வெளியே மிஷின் முன்னால் இவள் உட்காருவாள். "பீப்னு சத்தம் கேட்டா விரலைத் தூக்குங்க. சும்மா கேட்ட மாதிரி இருந்தாக்கூடத் தூக்குங்க." இதை ஒரு நாளைக்கு முப்பது தடவை சொல்லிச் சொல்லி, தூக்கத்தில் எழுப்பினாலும் இதைத்தான் சொல்வாள் போலிருக்கிறது.

அடுத்தவர் காதை அளக்கிறவளுக்குத் தன் காதைப் பற்றி ஒரு கர்வம் இருக்கத்தான் செய்யும். இவளுக்கு அது கொஞ்சம் கூடவே இருந்தது. அந்தக் கர்வத்துக்கு முழுத் தீனி போட்டது அவளுடைய கார்.

வண்டிக்கு வயது பத்தொன்பது முடிந்து பதினோரு மாதம். ஆனால் பார்த்தால் சொல்ல மாட்டீர்கள். கதவு ரப்பருக்கு மாதம் ஒரு முறை பவுடர் பூசுவாள். ஆயிலை, மாற்ற வேண்டிய தேதிக்கு இரண்டு வாரம் முன்பே மாற்றுவாள். மழையில் போய்விட்டு வந்தால் தான் தலை துவட்டுவதற்கு முன்னால் வண்டிக்கு அடியில் தண்ணீர் அடித்துச் சேற்றைக் கழுவுவாள். அது ஓடும்போது வரும் சத்தம் ஒவ்வொன்றும் அவளுக்கு அத்துப்படி. ஏதாவது புதுசாகக் கேட்டால் போச்சு. ஆஸ்பத்திரியில் ரிப்போர்ட் எழுதுகிற மாதிரியே எழுதி மெக்கானிக்கிடம் நீட்டுவாள்: "மெல்லிய சத்தம். உச்ச சுருதி. நாற்பதில் வருகிறது, அறுபதில் நின்றுவிடுகிறது. வலது பக்கம்." மெக்கானிக் முதலில் சிரித்தார். ஒருமுறை அவள் எழுதிக் கொடுத்த இடத்திலேயே, டாஷ்போர்டுக்குள் ஒரு சட்டைப் பொத்தான் உருண்டுகொண்டிருந்ததைக் கண்டெடுத்த பிறகு சிரிப்பதை நிறுத்திவிட்டு, அந்தச் சீட்டை ஒர்க்‌ஷாப் சுவரில் ஒட்டி வைத்துவிட்டார்.

இந்த வண்டி மேல் அவளுக்கு ஏன் இப்படி ஒரு பிடிப்பு என்றால், அவளாக ஆசைப்பட்டு வாங்கியது வாழ்க்கையிலேயே அது ஒன்றுதான். வீடு மாமனார் பார்த்தது, வேலை அப்பா சேர்த்துவிட்டது, புடவைகூட முக்கால்வாசி யாராவது எடுத்துக் கொடுத்தது. முப்பத்தெட்டு வயதில் திடீரென்று ஒரு நாள் "நான் கார் ஓட்டப் போறேன்" என்றாள். குடும்பமே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. லைசென்ஸ் டெஸ்டில் மூன்று தடவை கோட்டை விட்டாள். நாலாவது தடவை தேறி, வண்டியை வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்து நிறுத்தியபோது, கூட ஏறி உட்கார ஒருத்தரும் துணியவில்லை. அண்ணன் முதுகுவலி என்றான். நாத்தனார் அடுப்பில் பால் இருக்கிறது என்றாள். அவள் புருஷன் மட்டும் செருப்பை மாட்டிக்கொண்டு வந்து, முன்பக்கம் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, "எங்க போலாம்?" என்றார்.

புருஷன் என்ன வேலை என்று சொல்லவில்லையே. அச்சகத்தில் புரூஃப் பார்க்கிறவர். பனைமரம் மாதிரி நெட்டை. ஊரெல்லாம் எழுதுவதில் பிழை பிடிக்கிற மனுஷன், பெண்டாட்டி பேச்சில் ஒரு புள்ளியைக்கூடத் திருத்த மாட்டார். கார் ஓட்டக் கற்றுக்கொள்ளவே இல்லை. "நீ இருக்கியே" என்பார். தினமும் காலையில் அவரை அச்சகத்தில் இறக்கிவிட்டு அவள் ஆஸ்பத்திரி போவாள். இருபத்தைந்து நிமிஷப் பயணம். வீட்டில் குக்கருக்கும் டிவிக்கும் நடுவே பேச முடியாததையெல்லாம் அந்த இருபத்தைந்து நிமிஷத்தில்தான் பேசுவார்கள். பெண்ணுடைய கல்யாணத்தைக்கூட ஒரு சிக்னலில் நின்றபடிதான் முடிவு செய்தார்கள்.

இப்போது வந்தது சங்கடம். இருபது வருஷம் ஆன வண்டியை ஆர்.டி.ஓ. ஆபீசில் சோதனைக்குக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். தேறினால் இன்னும் ஐந்து வருஷம் ஓட்டலாம். வெளியூரில் இருக்கும் மகள் ஃபோனில் ஒற்றைக் காலில் நின்றாள்.

"அம்மா, போதும்மா. அதுல ஏர்பேக் இல்ல, ஒண்ணும் இல்ல. நல்லா இருக்கும்போதே குடுத்துட்டுப் புதுசு வாங்கு."

"என்னடி நீ, உன் வயசுக்கு நாலு வயசு சின்னது அந்த வண்டி. உன்னைக் குடுத்துட்டுப் புதுசா வாங்கினேனா?"

"அப்பா, நீங்களாவது சொல்லுங்கப்பா!"

"அவ வண்டி, அவ இஷ்டம்" என்றார் அப்பா. எப்போதும் அதே பதில்தான். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் அவருக்கு.

மெக்கானிக்கைக் கேட்டால் "இன்ஜின் கல்லு மாதிரி இருக்குக்கா, இன்னும் பத்து வருஷம் ஓடும்" என்றார். அவளுக்கு உச்சி குளிர்ந்துபோனது. வைத்துக்கொள்வதென்று கிட்டத்தட்ட முடிவே செய்துவிட்டாள். ஒரே ஒரு விஷயம்தான் குறுக்கே நின்றது. அந்தச் சத்தம்.

ஒரு வருஷமாக அவளை ஆட்டிப் படைத்துக்கொண்டிருந்த சத்தம் அது. பக்கத்து சீட்டுப் பக்கத்திலிருந்து வரும். கதவு சாத்துவதற்கு ஒரு நொடி முன்னால் ஒரு 'டொக்'. அதன் பின்னாலேயே அமுங்கிப்போன ஒரு 'ம்க்'. அச்சகத்து வாசலில் கதவு திறந்ததும் மறுபடியும் ஒரு 'டொக்', ஒரு 'ம்க்'. வழியில் கிடையாது. மழையானாலும் வெயிலானாலும் மாற்றம் கிடையாது. அவள் எழுதிய ரிப்போர்ட் இப்படி: "இரண்டு பாகம். முதலாவது எலும்பு முறிகிற மாதிரி, சுருக்கமாக. இரண்டாவது கீழ் சுருதி, அடைத்துக்கொண்ட மாதிரி. கதவின் கீலாக இருக்கலாம், அல்லது சீட்டை முன்னும் பின்னும் நகர்த்துகிற தண்டவாளம்."

மெக்கானிக் கதவின் கீலை மாற்றினார். சீட்டைக் கழற்றித் தண்டவாளத்துக்கு கிரீஸ் போட்டார். கதவின் உள்தட்டையே பிரித்துப் பார்த்தார். பிறகு தானே ஏறி உட்கார்ந்து இறங்கிக் காட்டினார். சத்தம் வரவில்லை.

"நீங்க ஒல்லி தம்பி. ஆள் கனம் போதல" என்றாள் காதம்மா.

பக்கத்துக் கட்டட வேலையிலிருந்து இரண்டு சிமெண்ட் மூட்டைகளை வாங்கி வந்து சீட்டில் வைத்தார்கள். எடுத்தார்கள். மறுபடி வைத்தார்கள். மூட்டைகள் தேமே என்று இருந்தன. சீட்டுத்தான் சிமெண்ட் தூசியில் வெளுத்துப்போனது. அதைத் துடைக்க அவளுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போனது.

அவள் புருஷனும் சும்மா இருக்கவில்லை. டார்ச் லைட்டைப் பிடித்துக்கொண்டு சீட்டுக்கு அடியில் வெளிச்சம் காட்டினார். "இங்க பாரு, ஒரு ஸ்க்ரூ லூசா இருக்கு" என்றுகூடச் சொன்னார். அதை முடுக்கினார்கள். மறுநாள் காலை, 'டொக்'. 'ம்க்'.

"கேட்டீங்களா?" என்றாள்.

"என்னது?"

"இப்ப வந்துச்சே, சத்தம்!"

"எனக்கு ஒண்ணும் கேக்கலையே" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார் மனுஷர்.

ஒரு வருஷமாக இதே கதைதான். சோதனைக்கு மூன்று வாரம் இருக்கும்போது அவள் மகளுக்கு ஒரு வாக்குக் கொடுத்தாள். "அந்தச் சத்தம் என்னன்னு கண்டுபிடிச்சுட்டா வண்டிய வச்சுக்கறேன். கண்டுபிடிக்க முடியலேன்னா, என் கை மீறிப் போச்சுன்னு அர்த்தம். குடுத்துடறேன். போதுமா?"

சொன்ன கையோடு மெக்கானிக்கிடம் போய், கடைசியாக ஒரு தடவை எல்லாவற்றையும் பிரித்துப் பாருங்கள் என்றாள். அவர் கையைத் துடைத்துக்கொண்டே தயங்கித் தயங்கி வாயைத் திறந்தார்.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. வயசானா சில பேருக்கு... காதுக்குள்ளயே சத்தம் கேக்குமாமே?"

யாரிடம் எதைச் சொல்கிறார் பாருங்கள்! காதம்மாவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. நேரே ஆஸ்பத்திரிக்குப் போய், பக்கத்து அறை டெக்னீஷியனை மிஷின் முன்னால் உட்கார வைத்து, தன் காதைச் சோதிக்கக் கொடுத்தாள். வயதுக்கு மீறிய நல்ல காது என்று வந்தது. அந்த ரிப்போர்ட்டையும் மெக்கானிக் சுவரில் ஒட்டிவிட்டுத்தான் வீட்டுக்குப் போனாள்.

அப்போதுதான் அவளுக்கு ஒன்று உறைத்தது. வண்டியில் சத்தம் இருக்கிறது. இவள் காதும் சரியாக இருக்கிறது. ஆனால் சத்தத்துக்கு ஒரு முழம் தள்ளி உட்கார்ந்திருக்கிறவருக்குக் கேட்கவில்லை. அப்படியென்றால் என்ன அர்த்தம்? ஐயோ, இவருக்குக் காது போய்க்கொண்டிருக்கிறது! ஊரார் காதையெல்லாம் பார்த்துவிட்டு வீட்டு மனுஷன் காதைக் கோட்டை விட்டுவிட்டோமே என்று அவளுக்குப் பதறிவிட்டது.

சனிக்கிழமை மதியம், நோயாளிகள் எல்லோரும் போன பிறகு, அவரை இழுத்துக்கொண்டு போனாள். அவர் வர மாட்டேன் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். புரூஃப் இருக்கிறது என்றார், தலைவலி என்றார். அவள் கேட்டால்தானே.

சனிக்கிழமை காலை குழந்தைகளுக்குப் பார்க்கிற நாள். பெரியவர்கள் நாற்காலியை வெளியே எடுத்துவிட்டு, குட்டையான நாற்காலி ஒன்றைப் போட்டிருந்தார்கள். மாற்ற அவளுக்குப் பொறுமை இல்லை. அவர் தலையில் ஹெட்ஃபோனை மாட்டிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்தாள். உள்ளே இருக்கிறவர் பேசினால் கேட்பதற்கு அந்த அறைக்குள் ஒரு மைக் உண்டு. அதன் ஹெட்ஃபோனைத் தன் காதில் வைத்துக்கொண்டு, இந்தப் பக்க மைக்கில் சொன்னாள்.

"உக்காருங்க."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் நாற்காலியைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். பிறகு மெதுவாகக் குனிந்து உட்கார்ந்தார்.

'டொக்'. 'ம்க்'.

காதம்மா சட்டென்று திரும்பி வாசலைப் பார்த்தாள். வண்டி எங்கே என்று தேடினாள் என்றால் நம்புவீர்களா? இரண்டு மாடிக்குக் கீழே, பார்க்கிங்கில் நிற்கிற வண்டியை! அப்புறம்தான் உள்ளே பார்த்தாள். அந்த அறைக்குள் கார்க் கதவு இல்லை, சீட்டுத் தண்டவாளம் இல்லை. ஒரு நாற்காலியும் அவள் புருஷனும்தான் இருந்தார்கள்.

கை பழக்கத்தில் மிஷினை ஓட்டியது. பீப் அனுப்பினாள். விரல் எழுந்தது. சத்தத்தைக் குறைத்தாள். விரல் எழுந்தது. இன்னும் குறைத்தாள், இன்னும். அந்த மிஷினால் அதற்கு மேல் குறைக்க முடியாது என்கிற அளவுக்குக் குறைத்து அனுப்பினாள். விரல் எழுந்தது. இருபது வயசுப் பையன்களுக்கே அந்தச் சத்தம் பாதி நேரம் கேட்காது. புரூஃப் பார்க்கிறவர் பிழை விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

அவள் பீப் அனுப்புவதை நிறுத்தினாள். மைக்கைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள்.

"முட்டியா?"

சோதனைக்கு வந்தவர் மாதிரியே, மடியில் இருந்த கையிலிருந்து ஒரு விரல் எழுந்தது.

"ரெண்டு முட்டியுமா?"

விரல்.

"உக்காரும்போதெல்லாம் வலிக்குதா?"

விரல்.

"ஒரு வருஷமாவா?"

விரல் எழுந்தது. கொஞ்சம் யோசித்துவிட்டு, இன்னொரு விரலும் பாதி எழுந்தது.

அவளுக்கு ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. சோபாவில் உட்காராமல் நின்றுகொண்டே பேப்பர் படித்தது, முதுகுக்கு நல்லது என்று சொன்னது. கட்டிலின் கால்களுக்குக் கீழே மரக்கட்டை வைத்தது, பெருக்க வசதியாக இருக்கும் என்று சொன்னது. பெருக்கப் போகிறவள் கஷ்டத்தில் இவருக்கு என்ன திடீர் அக்கறை என்று அப்போது கிண்டல் வேறு செய்திருந்தாள். பாவி மனுஷன், டார்ச் பிடித்துக்கொண்டு ஸ்க்ரூவைக் காட்டினாரே! தினமும் இரண்டு தடவை அந்தப் பள்ளமான சீட்டில் தன்னை மடக்கி வைத்து, வந்த சத்தத்தை விழுங்கி, பாதி விழுங்க முடியாமல் போனதுதான் அந்த 'ம்க்'. அதை இவள் ரிப்போர்ட் எழுதி, சுவரில் ஒட்டி, சிமெண்ட் மூட்டை வைத்து...

"ஏன் சொல்லல?"

விரல் எழவில்லை. ஹெட்ஃபோனில் அவர் குரல்தான் வந்தது.

"சொன்னா வண்டிய வித்துடுவ."

"வித்தா?"

"நீயா ஆசைப்பட்டு வாங்கினது அது ஒண்ணுதான். அதை என் முட்டி வந்து பிடுங்கணுமா?"

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் காதம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகையும் வந்தது, ஆத்திரமும் வந்தது. ஆத்திரம்தான் முந்திக்கொண்டது.

"ஊருக்கே காது பாக்கறவ காதுலயே பூ சுத்தியிருக்கீங்க! ஒரு வருஷமா! நான் எதுக்குங்க அந்த வண்டிய வச்சிருக்கேன்? பக்கத்துல யாரும் இல்லாம தனியா ஓட்டவா? நீங்க வந்து உக்கார்றதுக்குத்தானே அது வண்டி? இல்லேன்னா அது வெறும் தகரம். தெரியுமா? வெறும் தகரம்!"

மைக் திறந்தே இருந்ததால் அத்தனையும் முழுச் சத்தத்தில் அவர் காதில் விழுந்தது. அவர் ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டு எழுந்திருக்கப் பார்த்தார். முடியவில்லை. நாற்காலி அவ்வளவு குட்டை. அவள் அந்தக் கனத்த கதவைத் தள்ளித் திறந்துகொண்டு உள்ளே போய், இரண்டு கைகளாலும் அவரைத் தூக்கிவிட்டாள். தூக்கிய கையை உடனே எடுக்கவில்லை.

எலும்பு டாக்டர் அதே ஆஸ்பத்திரியில் கீழ்த்தளத்தில் இருந்தார். படம் எடுத்துப் பார்த்துவிட்டு, பயப்பட ஒன்றுமில்லை, தேய்மானம்தான், மாத்திரையும் பயிற்சியும் போதும் என்றார். ஆனால் தாழ்வான இடத்தில் உட்காரவே கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார். அதோடு வண்டிப் பேச்சு முடிந்தது. மகளிடம் சொன்னபோது அவள், "நான்தான் அப்பவே சொன்னேன்ல?" என்றாள். "நீ சொன்னதுக்காக இல்லடி" என்று ஃபோனை வைத்துவிட்டாள் காதம்மா.

ஆனாலும் ரோஷக்காரி. விற்பதென்று முடிவான பிறகும், வண்டியைக் கழுவித் துடைத்துச் சோதனைக்குக் கொண்டுபோனாள். ஒரு குறைகூட எழுதாமல் தேற்றி அனுப்பினார்கள். இன்னும் ஐந்து வருஷம் ஓடலாம் என்று தாள் கொடுத்தார்கள். அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு அவள் ரொம்ப நேரம் வண்டியிலேயே உட்கார்ந்திருந்தாள். வருத்தம் இல்லாமல் இருக்குமா? இருந்தது. நிறையவே இருந்தது.

புது வண்டி பார்க்கப் போன இடத்தில் விற்பனையாளர் திண்டாடிப்போனார். "மேடம், இன்ஜினை ஸ்டார்ட் பண்றேன், கேளுங்க, சத்தமே இருக்காது" என்றார்.

"அது கிடக்கட்டும் தம்பி. நீங்க கொஞ்சம் பேசாம இருங்க" என்றாள்.

புருஷனை ஒவ்வொரு வண்டியிலும் உட்கார வைத்தாள், எழுப்பினாள், மறுபடி உட்கார வைத்தாள். முதல் வண்டியிலேயே அவர், "ஆஹா, பிரமாதம், வலியே இல்ல" என்றார்.

"உங்க வாயை நான் நம்பறதா இல்ல" என்று சொல்லிவிட்டு, அவர் பக்கத்தில் குனிந்து, முட்டியின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டாள். விற்பனையாளர் வேறு பக்கம் பார்த்தார். முதல் வண்டியில் கைக்குக் கீழே எலும்பு நெறிந்தது. இரண்டாவதிலும் நெறிந்தது. நாலாவது, உயரமான ஒரு வண்டி. பார்க்க டப்பா மாதிரி இருந்தது. நிறமும் அவளுக்குப் பிடிக்கவில்லை. அவர் மடங்காமல், நாற்காலியில் உட்காருகிற மாதிரி நேராக உட்கார்ந்தார். கைக்குக் கீழே ஒன்றும் ஆகவில்லை. இரண்டு தடவை எழுப்பி உட்கார வைத்துப் பார்த்துவிட்டு, "இது" என்றாள். வேறு எதையும் கேட்கவில்லை.

பழைய வண்டியை மெக்கானிக்கே கேட்டு வாங்கிக்கொண்டார். "என் வீட்டுக்காரி அஞ்சடிகூட இல்லக்கா. அவ முட்டி அங்க எதுலயும் இடிக்காது" என்றார். அவருக்கு என்றால் அவளுக்கும் சம்மதம்தான்.

ஒப்படைக்கிற அன்று காலை, நீங்கள் வர வேண்டாம், நான் மட்டும் போய்க் கொடுத்துவிட்டு வருகிறேன் என்று அவள் எவ்வளவோ சொன்னாள். அவர் கேட்கவில்லை. சட்டையை மாற்றிக்கொண்டு, வாசலுக்கு வந்து, கதவைத் திறந்துகொண்டு நின்றார்.

"சரி, வாங்க. ஆனா இன்னிக்காவது எதையும் முழுங்காம உக்காருங்க" என்றாள்.

அவர் ஒரு கையால் கூரையைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். நெட்டைக் கால்களை உள்ளே இழுத்தார். இழுத்து, தெருவுக்கே கேட்கிற மாதிரி ஒரு சத்தம் போட்டார்.

"ஐயோ! அம்மா! அம்மாடியோவ்!"

எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. ஒரு வருஷத்துச் சத்தமும் சேர்ந்து ஒரே மூச்சில் வந்த மாதிரி இருந்தது. சத்தம் போட்டு முடித்துவிட்டு, அவர் சாய்ந்து, பெரிதாக மூச்சு விட்டு, கதவைச் சாத்திக்கொண்டார். காதம்மா சாவியைப் போட்டவள், அதைத் திருப்பாமல் முந்தானையைத் தேடினாள்.

"எங்க போலாம்?" என்றார் அவர். அவள் பக்கம் திரும்பி, "என்ன, வண்டிய எடுக்கலையா?" என்றார்.

"இருங்க" என்றாள். "ரோடு தெரியல."